தானாகப் பேசியவன்

அத்தியாயம் 17

லீலா யாரிடமும் உதவி கேட்டு மோகனப்பிரியா பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த இந்த எட்டு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. கேட்காத அறிவுரையைக் கொடுப்பதற்குத்தான் நாத்தனார் என்று அவள் முடிவே கட்டியிருந்தாள்.

அதனால்தான் போன வாரம் வந்த அந்த அழைப்பை அவளால் மறக்க முடியவில்லை. பள்ளியில் தீ ஒத்திகை மணி அடித்ததும் லீலாவின் மகன் நிதீஷ் மேசைக்கடியில் புகுந்துகொண்டிருக்கிறான். இழுக்க வந்த ஆசிரியரை அவன் கைவீசித் தட்டிவிட்டதில் அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்துபோயிற்று. பதினான்கு வயதுப் பையன், கணக்கில் வகுப்புக்கே முதல். பள்ளி ஆலோசகர் ஒரு மனநல நிபுணரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். லீலாவின் கணவர் கதிரேசனுக்குக் கடல் தாண்டிப் பாத்தாம் தீவில் வேலை, வெள்ளிக்கிழமை இரவுதான் படகேறி வருவார்.

"இதெல்லாம் தெரிஞ்சவ நீதான். கூட வா பிரியா" என்று லீலா அழுதாள்.

இதெல்லாம் என்றால் என்ன என்று மோகனப்பிரியா கேட்கவில்லை. அவளுடைய ஆறு வயது மகள் வைஷாலியைத்தான் அந்தக் குடும்பத்தில் 'இதெல்லாம்' என்று சொல்வார்கள்.

சோதனைகள் முடிந்து இன்று அறிக்கை தரும் நாள். வைஷாலியின் பயிற்சி நிலையத்துக்கு விடுமுறை என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு தெம்பனிஸிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள் மோகனப்பிரியா. லிட்டில் இந்தியா நிலைய வாசலில் லீலாவும் நிதீஷும் நின்றிருந்தார்கள்.

"மாமி, நீங்க ஜாலான் புசார்ல இறங்கலையா?" என்றான் நிதீஷ். வணக்கம், நலம் விசாரிப்பு எதுவும் அவனிடம் கிடையாது. "அங்கேருந்து நடந்தா பன்னெண்டு நிமிஷம். ட்ரெயின் சும்மா சுத்திட்டு வருது. பத்து ஸ்டேஷன் வேஸ்ட் பண்ணிட்டீங்க."

"வைஷு இறங்க மாட்டாடா. அவளுக்கு இந்த ஸ்டேஷன்தான் வேணும்."

நிதீஷ் வைஷாலியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் தன் கழுத்துப் பையிலிருந்த படஅட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓகே. அது வேலிட் ரீசன்" என்றான்.

அந்த நாளில் மோகனப்பிரியா சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

*

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கீழே பூக்கடைக்காரர் சாமந்திச் சரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். படியேற ஏறப் பூ வாசம் குறைந்து, குளிர்சாதனத்தின் மணமற்ற குளிர் வந்தது. வேறொரு நாட்டுக்குள் நுழைவதுபோல இருந்தது மோகனப்பிரியாவுக்கு. இப்படிப்பட்ட அறைகளில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறாள். இன்று முதல்முறையாகப் பக்கத்து நாற்காலியில்.

பிள்ளைகள் இருவரும் வெளியே வரவேற்பு மேசையருகே உட்கார்ந்தார்கள். கண்ணாடி வழியாக அவர்கள் தெரிந்தார்கள்.

நிபுணர் பதுருன்னிசாவுக்கு நாற்பது வயதிருக்கும். சாம்பல் நிற முக்காடு, தணிந்த குரல்.

"மிஸஸ் கதிரேசன், உங்க தம்பி வைஃப் இருக்கும்போதே பேசலாமா? இல்ல தனியா...?"

"பேசுங்க மிஸ். அவ எங்க வீட்டுப் பொண்ணு. அவகிட்ட மறைக்க என்ன இருக்கு?"

பதுருன்னிசா அறிக்கையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். "நிதீஷுக்கு ஆட்டிசம் இருக்கு. ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்."

லீலா உடனே தலையசைத்தாள், கடைக்காரர் தவறான அளவுச் செருப்பை எடுத்து வந்தால் தலையசைப்பதுபோல.

"இல்ல மிஸ். அது வேற. அது வந்து..." அவள் கண் கண்ணாடிப் பக்கம் போனது. நிதீஷைத் தாண்டி, வைஷாலிமேல் நின்றது. "இவன் அந்த மாதிரி இல்லையே. நல்லாப் பேசுவான். மேத்ஸ்ல ஏ ஒன். அந்த பேர் இவனுக்கு எப்படி?"

மோகனப்பிரியா மடியிலிருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பார்வை அவளுக்குப் புதிதல்ல. பெருநாள் விருந்துகளில், கோயில் வரிசைகளில், மின்தூக்கிகளில் பழகியதுதான். ஆனாலும் பழகியது குத்தாது என்று யார் சொன்னார்கள்?

"ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஒரே பேரா இருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்ல" என்றார் பதுருன்னிசா. "நாசி பாடாங் சோத்துக் கடையில நிப்பீங்கல்ல? ஒரே கடை, அதே கறி வகைகள்லேருந்துதான் எல்லாருக்கும் எடுத்து வைக்கிறாங்க. ஒருத்தர் சம்பால் காரம் நிறைய வாங்குவார். இன்னொருத்தருக்குக் கறி அதிகம், காய் துளி. தட்டுக்குத் தட்டு வேற. பேச்சு, பழகுறது, சத்தம் தாங்குறது, ஒரே மாதிரி நடக்கணும்ங்கிற பிடிவாதம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பிள்ளைக்கு ஒவ்வொரு அளவு."

"என் பையன் சோத்துக்கடையா மிஸ்?"

"நானும்தான் அந்த மாதிரி ஒரு தட்டு" என்று பதுருன்னிசா சிரித்தார். லீலா சிரிக்கவில்லை.

"நெட்ல பாத்தேன். ஆஸ்பெர்கர்னு ஒண்ணு இருக்காமே. புத்திசாலிங்களுக்கு வர்றது. அதுன்னா அதுன்னே எழுதிக் குடுங்க. ஏத்துக்கறேன்."

பதுருன்னிசா பொறுமையாகச் சொன்னார். முன்பெல்லாம் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. சின்ன வயதிலேயே பேச்சும் பிறரோடு பழகுவதும் தடைப்பட்டால் ஆட்டிசம் என்றார்கள். பேச்சு நேரத்துக்கு வந்து, பழகுவதில் மட்டும் தடுமாற்றம் இருந்தால் ஆஸ்பெர்கர். இரண்டிலும் முழுதாகப் பொருந்தாத பிள்ளைகளுக்கு நீளமாக இன்னொரு பெயர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு மூன்று, நான்கு வயதில் எல்லாவற்றையும் இழக்கும் பிள்ளைகளுக்கு, அது மிக அபூர்வம், வேறொரு பெயர். ஒரே பிள்ளைக்கு ஒரு மருத்துவர் ஒன்றும், அடுத்த மருத்துவர் இன்னொன்றும் எழுதினார்கள். இப்போது எல்லாம் ஒரே குடையின்கீழ். எவ்வளவு உதவி வேண்டும் என்பதை மட்டும் மூன்று நிலைகளாகக் குறிக்கிறார்கள்.

"அந்த நிலையும் மார்க் இல்ல. முதல் நிலைன்னா முதல் ரேங்க்னு நினைச்சுடாதீங்க. நிதீஷுக்கு நல்லாப் பேச வருது. ஆனா அந்த மணிச் சத்தம் அவனுக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு சொல்ல வரல. சொல்ல வராத இடம் எல்லாப் பிள்ளைக்கும் எங்கேயோ ஒண்ணு இருக்கு."

மோகனப்பிரியா தன்னையறியாமல் தலையசைத்தாள்.

"பழைய கணக்குல பார்த்தாலும்" என்று பதுருன்னிசா தொடர்ந்தார், "ஆஸ்பெர்கர்னு சொல்ல, பேச்சு தாமதமாகாம வந்திருக்கணும். நிதீஷ் எப்போ பேச ஆரம்பிச்சான்?"

"ஒன்றரை வயசுல" என்றாள் லீலா. கொஞ்சமும் தயங்கவில்லை.

மோகனப்பிரியா திரும்பி அவளைப் பார்த்தாள்.

*

மூன்றரை வருடங்களுக்கு முன்பு வைஷாலிக்கு இரண்டரை வயது. பலதுறை மருந்தகத்தில் தாதி ஒருத்தி, "இன்னும் ஒரு வார்த்தைகூட வரலையா? பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தரேன்" என்று எழுதிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிறு லீலா வந்திருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்து, மடித்து, மேசைமேல் வைத்தாள்.

"பைத்தியமா உனக்கு? நிதீஷ் நாலு வயசுலதான் பேசினான். ஒரு டாக்டர்கிட்ட போகல. தானாப் பேசினான். எங்க குடும்பத்துல பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும். சும்மா பேர் வைக்கறதுக்குன்னே உக்காந்திருக்காங்க இவங்க. பொறு."

அவள் பொறுத்தாள். நிதீஷ் கண்முன்னே இருந்தான். அத்தனை ரயில் நிலையங்களையும் ஒப்பிக்கும் பிள்ளை. அவனைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? ஒன்றரை வருடம் பொறுத்தாள்.

அந்த ஒன்றரை வருடத்தில் வைஷாலி தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. நான்கு வயதில்தான் பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள். மூன்றாவது வாரம், படஅட்டைகளிலிருந்து ஒன்றை உருவி அம்மாவின் கையில் வைத்தாள் குழந்தை. ஒரு குவளைத் தண்ணீரின் படம். தண்ணீர் கொடுத்ததும் குடித்துவிட்டு அழாமல் போய் விளையாடினாள்.

அன்று சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மோகனப்பிரியா அழுதாள். பிள்ளை இத்தனை நாளும் தாகத்தோடா கையைக் கடித்துக்கொண்டிருந்தது?

ஆட்டிசம் என்று எழுத்தில் வந்த பிறகு லீலா வேறு பாட்டு பாடினாள். "எங்க பக்கத்துல இப்படி யாருமே இல்ல. உங்க அம்மா வீட்டுல ஏதாவது நேர்த்தி பாக்கியான்னு கேளு." மோகனப்பிரியா கேட்டாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டாள். இரண்டு வருடம் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை வெறுங்காலோடு நடந்தாள். பக்கத்தில் வைஷாலியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள் லீலாதான். குழந்தையின் ஒரு காதைத் தன் தோளோடு அணைத்து, மறுகாதைக் கையால் பொத்தி, உறுமிச் சத்தம் படாமல் பார்த்துக்கொண்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

*

"ஒன்றரை வயசா?" என்றார் பதுருன்னிசா மெதுவாக. "பழைய ரெக்கார்ட் இருந்தா அனுப்பச் சொல்லி ரெண்டு பேருக்கும் ஈமெயில் போட்டிருந்தேன். மிஸ்டர் கதிரேசன் நேத்து ஒண்ணு அனுப்பினார்."

கணினித் திரையை அவர் திருப்பவில்லை. வாசித்தார், அவ்வளவுதான்.

நிதீஷுக்கு இரண்டரை வயதில் பரிசோதனை. முடிவு, ஆட்டிசம். அந்த மாதமே பேச்சுப் பயிற்சி ஆரம்பம். நோவினாவில், வாரம் மூன்று நாள், ஆறு வயது முடியும்வரை. நான்காம் வயதில் முதல் சொற்றொடர்.

குளிர்சாதனம் ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி ஓட ஆரம்பித்தது.

லீலாவின் முகத்தில் மோகனப்பிரியா கோபத்தை எதிர்பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு சுவரில் நிற்கும் ஈரக்கோடு போல உதடுகளைச் சுற்றி ஒரு வெளுப்பு மட்டும்.

"மிஸ்" என்றாள் மோகனப்பிரியா. "எனக்கு ஒரு கேள்வி. இந்த கேஸ் பத்தி இல்ல. வெளியே இருக்காளே, என் மகள். ரெண்டரை வயசுல கவனிச்சிருக்கலாம். நாலு வயசுலதான் ஆரம்பிச்சோம். அந்த ஒன்றரை வருஷம்... அது இருந்திருந்தா அவ பேசியிருப்பாளா?"

"தெரியாதும்மா. நிஜமாவே யாராலயும் சொல்ல முடியாது. அதே பயிற்சி குடுத்தும் பேச்சு வராத பிள்ளைங்க இருக்காங்க. அது அம்மாவோட தப்பும் இல்ல."

"பேசலன்னா பரவால்ல."

பதுருன்னிசா பேனாவைக் கீழே வைத்தார்.

"தண்ணி கேட்டிருப்பாளா?"

நிபுணர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத ஒருவருக்கு வரும் சிரமம் அவர் முகத்தில் வந்தது.

"கொஞ்சம் முன்னாடியே கேட்டிருக்கலாம்" என்றார்.

*

பஃபலோ ரோட்டுக் கடையில் மதியக் கூட்டம். தோசைக்கல்லின் சத்தம் வைஷாலிக்கு ஆகாது என்பதால் வெளி மேசையில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் தட்டுகள் வந்தன. பெரியவர்கள் தேநீர் மட்டும் சொன்னார்கள். அது ஆறிக்கொண்டிருந்தது.

"திட்டிடு பிரியா" என்றாள் லீலா.

மோகனப்பிரியா வைஷாலியின் தோசையைச் சின்னச் சதுரங்களாக வெட்டினாள். சதுரமாக இல்லாவிட்டால் அவள் தொடமாட்டாள்.

"நான் திட்டம் போட்டு மறைக்கலடி. எங்க மாமியார் வீட்டுல தெரிஞ்சா வாழ முடியாதுன்னு இவரு பேப்பரை எல்லாம் உள்ள வெச்சுப் பூட்டிட்டாரு. அப்புறம் இவன் பேசினான். பேசின அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். தானாத்தான் பேசினான்னு சொல்லிச் சொல்லி, எனக்கே அதுதான் நிஜமாயிருச்சு. உன்கிட்ட சொன்னப்போ பொய் சொல்றோம்னுகூடத் தோணல."

"பால்குடம் எடுத்தப்போ?"

லீலா ஆறிப்போன தேநீரைக் கலக்க ஆரம்பித்தாள்.

"எங்கம்மா செத்துப்போறவரைக்கும் தன்னாலதான் இந்தப் பிள்ளை இப்படின்னு நினைச்சாங்க அண்ணி. எந்த நேர்த்தியை மறந்தேன், எந்த நேர்த்தியை மறந்தேன்னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு விரலை மடக்கி எண்ணினாங்க."

அவள் சத்தம் போடவில்லை. பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு கப்பல் பட்டறை ஊழியர்கள் தலைநிமிரக்கூட இல்லை. அவ்வளவு தணிவாகத்தான் சொன்னாள்.

லீலா எழுந்தாள். "மூஞ்சியைக் கழுவிட்டு வரேன்" என்று உள்ளே போனாள். பின்னாலிருந்து பார்க்கும்போது முதல்முறையாக அவளுக்கு வயதாகியிருப்பது தெரிந்தது.

நிதீஷ் மூன்றாவது பூரியை முடித்தான்.

"மிஸ் பதுருன்னிசா குடுத்த பிளாக்ஸ் டெஸ்ட், நோவினாவுல குடுத்ததே மாதிரி இருந்துச்சு" என்றான். "சிவப்பு வெள்ளை கட்டைங்க. அங்க ஒண்ணு முனை உடைஞ்சிருக்கும்."

"நோவினா உனக்கு ஞாபகம் இருக்காடா?"

"ஏன் இருக்காது? செவ்வாய், வியாழன், சனி. எங்க வீட்டு மார்சிலிங்லேருந்து நோவினா இப்போ பன்னெண்டு ஸ்டேஷன். அப்போ பதினொண்ணு. கென்பரா ஸ்டேஷன் இன்னும் கட்டல."

"அம்மாதான் கூட்டிட்டுப் போவாங்களா?"

"இல்ல. அம்மாவுக்கு வேலை. ரமணன் மாமா."

மோகனப்பிரியாவின் கையிலிருந்த கரண்டி தட்டின் ஓரத்தில் நின்றது.

"எந்த ரமணன் மாமா?"

நிதீஷுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "எனக்கு ஒரு ரமணன் மாமாதானே இருக்காரு. உங்க ஹஸ்பண்ட்."

"எத்தனை தடவைடா?"

"எல்லாத் தடவையும். அப்போ மாமா எங்க வீட்டுலதான் இருந்தாரு. உங்களுக்குக் கல்யாணம் ஆகல. கிளாஸ் முடிஞ்சதும் காயா ஜாம் தடவின ரொட்டி வாங்கித் தருவாரு. வீட்டுல யாராச்சும் கேட்டா நோவினா பத்திச் சொல்லக்கூடாதுன்னாரு."

"இப்போ சொல்லிட்டியே."

நிதீஷ் சுற்றிலும் பார்த்தான். பூசணிக்காய் வண்டி, பேருந்து, எதிரே காய்கறிக் கடை.

"இது வீடு இல்லையே மாமி."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நினைவு வந்தது. லீலா 'தானாப் பேசினான்' என்று சொன்ன அந்த நிமிடம், ரமணன் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தான். பாதிச் சோறு தட்டில் இருக்க எழுந்து போய்க் கை கழுவினான். குழாய் வெகுநேரம் ஓடியது. மீன் குழம்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

லீலா முகத்தைத் துடைத்தபடி வந்தாள். மோகனப்பிரியா வைஷாலியின் கழுத்துப் பையை மாட்டிவிட்டு எழுந்தாள்.

*

தெம்பனிஸ் ரயில் வந்து கதவு திறந்தபோது அவளுக்கு ஏறத் தோன்றவில்லை. இந்த நடைமேடையிலேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கலாம். கிளமெண்டியில் கல்லூரித் தோழி அமலா இருக்கிறாள், அங்கே போகலாம். எங்கேயாவது போகலாம்.

வைஷாலி அவள் விரலைப் பிடித்து இழுத்தாள். வந்த வழியிலேயே திரும்ப வேண்டும், அதுதான் அவளுடைய சட்டம். மீறினால் இந்த நடைமேடையிலேயே விழுந்து அலறுவாள். கோபித்துக்கொண்டு எங்கேயாவது போகும் பெண்களுக்கு இப்படியொரு விரல் கையில் இருப்பதில்லை போலும். மோகனப்பிரியா ஏறினாள்.

பாதி வழியில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. லீலாவின் செய்தி.

'பிரியா, என்னை எவ்வளவு வேணா வெறுத்துக்கோ. ரமணன்கிட்ட மட்டும் சொல்லிடாத. அவனுக்கு எதுவும் தெரியாது.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். தம்பியைக் காப்பாற்ற அக்கா சொல்லும் பொய்யா இது? இல்லை, இதுவும் சொல்லிச் சொல்லி நிஜமாகிப்போன ஒன்றா? ஆனால் நிதீஷுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவனால் முடியாதவை என்று அந்த அறிக்கையில் நீளமாக எழுதியிருந்த பட்டியலில் அதை மட்டும் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

வைஷாலி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து, சுரங்கத்தின் இருட்டில் ஓடும் விளக்குகளைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ முனகினாள். ஒரே ராகம், திரும்பத் திரும்ப. சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தம். அது அவள் அம்மாவுக்குத் தெரியும்.

தெம்பனிஸ் நிலையத்தில் கட்டண வாயிலுக்கு அந்தப் பக்கம் ரமணன் நின்றிருந்தான். அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தான். வைஷாலி அவனைக் கண்டதும் ஓடிப்போய் அவன் முழங்காலில் முகம் புதைத்தாள். யாரையும் கட்டிக்கொள்ளாத பிள்ளை, அப்பாவிடம் மட்டும் இப்படிச் செய்வாள். எப்படிப் பிடித்தால் அவளுக்கு வலிக்காது என்று அவனுக்குத் தெரியும். தோள்களில் உள்ளங்கையை அழுத்தி வைப்பான், விரல்கள் படாமல். அதை அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று மோகனப்பிரியா இதுவரை யோசித்ததே இல்லை.

"ரொம்ப நேரமாச்சா? சாப்பிட்டியா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "நிதீஷுக்கு என்னவாம்? என்ன சொன்னாங்க?"

அவன் முகத்தில் கவலை இருந்தது. புதிதாக ஒன்றைக் கேட்கப்போகிறவனின் கவலை. அப்பழுக்கில்லாமல் இருந்தது அது.

பின்னாலிருந்து ஆட்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் நகரவில்லை.

"நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மகளின் தோளிலிருந்து அவன் கைகள் மெல்ல இறங்கின.